மறியலில் மாட்டிய சக்கை

1. கேஜ் முள்

நீராவி அழுத்தம் காட்டும் கேஜில் முள் இறங்கினால் என்ன அர்த்தம் என்பது பாய்லரில் வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயம் அது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் நான் பாய்லர் அட்டெண்டன்ட்.

கரும்பைப் பிழிந்த சக்கையை எரித்துத்தான் முன்பெல்லாம் நீராவி எடுப்போம். பிறகு மேலிடத்திலிருந்து ஓர் ஏற்பாடு வந்தது. சக்கையைக் காகித ஆலைக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவர்களிடம் நிலக்கரி வாங்குவது. எதுவும் வீணாகாது, நல்ல யோசனைதான். ஆனால் எங்களுடையது ரயில் இல்லாத ஊர். சக்கை போவதும் லாரியில், கரி வருவதும் லாரியில். யார்டில் குவிந்து கிடந்த சக்கையைத் துடைத்து எடுத்துவிட்டார்கள்.

மரங்கள் விழுந்ததும் கரும்பு வரத்து நின்றது, கரியும் நின்றது. காய்ச்சும் பான்களில் மட்டும் பாகு பாதிக் கொதியில் இருந்தது. நீராவி போய்விட்டால் அது இறுகிவிடும், கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க வேண்டும். அத்தனை விவசாயிகளின் பாடும் பாழ்.

"கரி எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றார் சீஃப் இன்ஜினியர்.

"சாயங்காலம் வரைக்கும் தாங்கினா பெருசு சார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நேத்து அனுப்பின சக்கை லாரிங்க மணலூர்பேட்டைகிட்ட மாட்டிக்கிச்சாம். முன்னாலயும் மரம், பின்னாலயும் மரம். நீங்க இந்தப் பக்கத்துக்காரர். போய்க் கேட்டுப் பாருங்களேன்."

2. மரத்தடி

சைக்கிளை எடுத்தேன். அங்கே ஒரு பக்கம் போலீஸ், ஒரு பக்கம் கூட்டம். நடுவில் சக்கை லாரிகள். யாராவது ஒரு பீடியை வீசினால் போச்சு!

விழுந்த மரத்தின் மேல் தங்கராசு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆலைக்கே கரும்பு போடுகிறவர்.

"இன்னா பாய்லர்காரரே, யாரு அனுப்புனாங்க உங்கள?"

விஷயத்தைச் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர் எகிறினார்: "லாரிய வுட்டா அப்பறம் பஸ்ஸையும் வுடணும். ஒண்ணும் நவுராது!"

"லாரி வேணாங்க, சக்க மட்டும் குடுங்க. பான்ல நிக்கிறது உங்க கரும்புங்க."

தங்கராசு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "மறியலு ரோட்டுக்குத்தான், வண்டிப்பாட்டைக்கு இல்ல. மாட்டப் பூட்டுங்கடா!"

மரத்தை வெட்டியவர்களே சக்கைக் கட்டுகளை இறக்கி, மாட்டு வண்டிகளில் ஏற்றினார்கள். ஏரிக்கரை வழியாக வண்டிகள் ஆலைக்குள் நுழைந்தபோது முள் ஏறக்குறையப் படுத்துவிட்டிருந்தது. கட்டுகளைப் பிரித்துப் பிரித்து ஃபர்னஸில் தள்ளினோம். முள் அசைந்தது, மெல்ல ஏறியது. பாகு சர்க்கரையாக இறங்கியதைப் பார்த்து நான் அழுதேவிட்டேன்.

வண்டியோடு வந்திருந்த தங்கராசு கிளம்பும்போது சொன்னார்: "ரோடு எப்ப தொறக்கும்னு எனக்கே தெரியாது. எல்லாத்தியும் அனுப்பிட்டு ரோட்ட நம்பிக்கினு இருக்காதீங்க."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். ஒன்றன் கழிவு இன்னொன்றுக்குத் தீனியாகட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் உங்கள் ஊரின் சாலை எப்படி, அது அடைபட்டால் மாட்டு வண்டியாவது வந்து சேருமா என்று முதலில் பாருங்கள்.

சாலை திறந்த பிறகு காகித ஆலைக்குச் சக்கை பழையபடி போனது. யார்டு மூலையில் ஒரு சக்கைக் குவியலை மட்டும் ரிட்டயர் ஆகும்வரை நான் தொட விடவில்லை. "பாய்லர்காரர் சொத்து" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். டியூட்டிக்கு வந்தால் அது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேஜைப் பார்ப்பேன்.