பதினொரு மணிக்குத் தொடங்கும் வேலை

கூட்டியும் சொல்லாது, குறைத்தும் சொல்லாது, உள்ளதை உள்ளவாறு உரைக்கும் செம்மை எளிதில் கைகூடுவதன்று. வேறொருவர் குறைந்த விலை சொல்லிக் காத்திருக்கும்போது அது இன்னும் அரிது. அச்செம்மை உடையவர் புத்தூரைச் சேர்ந்த கட்டட ஒப்பந்தக்காரர் கோவர்த்தனன்.

திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்யும் வேதாந்தத்தின் இல்லத்தில், கூடத்திலும் சமையல் நடக்கும் தளிகை அறையிலும் மேற்கூரைப் பூச்சு உதிரத் தொடங்கியிருந்தது. மகள் ஸுப்ரஜாவின் திருமணத்துக்குப் பதினைந்து நாள்களே எஞ்சியிருந்தன. அதற்குள் புதுப்பூச்சு முடிந்தாக வேண்டும். ஏழு நாள், நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் என்று ஒரு மேஸ்திரி எழுதிக் கொடுத்துச் சென்றார்.

அடுத்து வந்த கோவர்த்தனன், டேப்பை விரிக்குமுன் வேதாந்தத்தின் மனைவி வஸுமதியிடம் கேட்டது ஒன்றே: வீட்டுப் பெருமாளுக்குத் திருவாராதன பூசை எப்போது நிறைவுறும்? கணவர் கோயிலிலிருந்து திரும்பிய பிறகே தொடங்கும் என்றும், முடியப் பதினொரு மணியாகும் என்றும், அதுவரை தூசியும் ஓசையும் ஆகா என்றும் அவ்வம்மையார் கூறினார். கோவர்த்தனன் கூரையைக் கோலால் தட்டிப் பார்த்து, அளந்து, பதினொரு நாள், அறுபத்தோராயிரம் என்று எழுதி நீட்டினார்.

வேதாந்தத்தின் முகம் சிவந்தது.

"ஏன்பா, எங்காத்துப் பெருமாளுக்கும் சேர்த்துக் கூலி போட்டிருக்கியோ?"

"சாமிக்கு இன்னா கூலி, சாமி? ஒங்க ஊட்ல எனக்கு ஒரு நாளுன்னா அஞ்சு மணி நேரம்தான். பதினொண்ணுக்கு வந்தாலும் ஆளுக்கு முழு நாள் கூலி குடுக்கணுமே."

பின்னர் அந்த மேஸ்திரி எழுதிய தாளை வாங்கிப் படித்தார். மணல் விலையில் தாமே ஆயிரம் ரூபாய் மிகுத்துவிட்டதைக் கண்டு, அங்கேயே அடித்துத் திருத்தி, அறுபதாயிரம் ஆக்கினார்.

"சரக்குக் கணக்கு அவுரு கரெக்டா போட்டுக்கிறாரு. நாளுதான் ஒதைக்குது. அவுருக்கே குடுக்கிறதுன்னாலும் குடுங்க சாமி. ஆனா அந்தப் பதினொரு மணி விசயத்த முன்னாடியே சொல்லிடுங்க. கல்யாண ஊடு, பாதில நிக்கக் கூடாது."

வஸுமதி உடனே அந்த மேஸ்திரியைத் தொலைபேசியில் அழைத்து நேரத்தைச் சொன்னார். அப்படியானால் இன்னும் நான்கு நாளும் பன்னிரண்டாயிரமும் ஆகும் என்றார் அவர். வேதாந்தம் மனத்துள் கூட்டிப் பார்த்தார். பிறகு கோவர்த்தனனிடமே முன்பணத்தைக் கொடுத்தார்.

பதினோராம் நாள் மாலை சாரம் இறங்கியது. சொன்ன தொகைக்குமேல் ஒரு ரூபாயும் ஏறவில்லை. மறுநாள் காலை பந்தற்கால் நட்டார்கள்.

வேங்கடமுடையான் திருவருளால் கோவர்த்தனன் மனையில் நெல்லும் நீரும் நல்வாக்கும் என்றும் குன்றாதிருப்பனவாக. அவர்தம் இல்லாளும் மக்களும் நோயின்றி நெடிது வாழ்க.