ஆல்வின் வாங்கிய ஸ்பீக்கர்

ஆல்வின் கிட்டன்ஸ் பேரை யாராவது எடுத்தாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனாலும் அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிட்டால் வேறு ஆள் கிடையாது. எங்கள் ஊர் க்யூரெப்பின் டாக்சி ஸ்டாண்டில் இருபத்தாறு வருடம் அவர் வண்டிக்குப் பின்னால்தான் என் வண்டி நின்றது.

நாங்கள் ஓட்டுவது தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குப் போகிற ஷேர் டாக்சி. முன்னால் ஒருவர், பின்னால் மூவர், ஆள் நிரம்பினால்தான் சாவியைத் திருப்புவோம். ஏறுகிறவர்கள் உள்ளே இருப்பவர்களுக்கு குட் மார்னிங் சொல்ல வேண்டும், உள்ளே இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாதவரை மற்ற டிரைவர்கள் நாங்கள் முறைப்போம், அவ்வளவுதான். ஆல்வின் கதவைத் திறந்து இறங்கச் சொல்லிவிடுவார். ஒருமுறை கோட்டு சூட்டு போட்ட ஒரு வக்கீலைக் கொட்டுகிற மழையில் இறக்கிவிட்டார். மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனிதர். அதே மனிதர்தான் என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, வண்டியில் இருந்த நான்கு பேரையும் நடுவழியில் இறக்கிவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதனால் அவர் என்ன கத்தினாலும் நான் பொறுத்துக்கொண்டேன்.

நான்கு வருடத்துக்கு முன் அவர் மனைவி ஐவி இறந்துபோனாள். எங்கள் ஊர் வழக்கப்படி சாவு வீட்டில் காப்பியும் ரம்மும் ஓடிக்கொண்டிருக்க, ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் பாட்டு, தெருவே கூடியிருந்தது. அப்போது இங்கிலாந்திலிருந்து ஒரே மகள் கெர்லின் கூப்பிட்டாள். அங்கே அவள் நர்ஸ். ஆல்வின் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று கத்தினார்.

“உங்கம்மா உம் பேரச் சொல்லிச் சொல்லியே செத்தா. உனக்கு வர மனசில்ல. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராத.”

பாட்டு நின்றுவிட்டது. அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. நான் காப்பிக் கோப்பையோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன். மறுநாள் ஸ்டாண்டில் வாய் கிழியப் பேசினேன். பெற்றவள் சாகக் கிடக்கும்போது எட்டிப் பார்க்காத பெண் எல்லாம் ஒரு பெண்ணா என்று கேட்டேன். கேட்டவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அதன்பிறகு கெர்லின் கூப்பிடவில்லை. இவரும் கூப்பிடவில்லை, அவ்வளவு வீம்பு.

போன மாதம் திடீரென்று அவள் கூப்பிட்டாள். ஆல்வின் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். திரையில் மகள் பேரைப் பார்த்ததும் ஃபோனைக் காதில் வைத்துவிட்டார். பக்கத்திலேயே போலீஸ் மோட்டார் சைக்கிள். பதறிப்போய் ஃபோனை சீட்டில் எறிந்ததில் அழைப்பு அறுந்தது, அபராதமும் விழுந்தது. அது இரண்டாவது தடவை. இன்னொரு தடவை மாட்டினால் ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் கிடையாது. அவர் திருப்பிக் கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை. நான்கு வருடம் கழித்துக் கூப்பிட்ட மகள், அப்பா முகத்தில் அடித்தாற்போல ஃபோனை வைத்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். இன்னொரு முறை கூப்பிட்டால் அதைத் தவற விடக் கூடாது. ஆல்வினுக்கு அந்த ஒரே நினைப்புதான்.

ஆகவே ஃபோனைக் கையால் தொடாமல் பேசுகிற கருவி வாங்கக் கிளம்பினார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மெயின் ரோட்டில் ஃபெரோஸா என்கிற பெண் கார் சாமான் கடை வைத்திருக்கிறாள். பாவம், அன்றைக்கு அவளுக்கு என்ன கெட்ட நேரமோ. முதலில் ஒற்றைக் காதில் மாட்டுகிற ஒன்றைக் காட்டினாள். அதை மாட்டிக்கொண்டு பேசினால் தனியாகப் பிதற்றுகிற பைத்தியம் என்று போகிறவன் வருகிறவன் சிரிப்பான் என்று எரிந்து விழுந்தார். காரின் ரேடியோவோடு சேர்த்துப் பொருத்துகிற ஒன்றைக் காட்டினாள். தன் வண்டியின் டாஷ்போர்டில் எவனாவது ஸ்க்ரூடிரைவர் வைத்தால் கையை முறிப்பேன் என்றார். மூன்றாவது, கண்ணாடிக்கு மேல் வெயில் மறைக்கிற தட்டில் செருகுகிற ஸ்பீக்கர். ஃபோன் இரண்டு தடவை அடித்ததும் தானே அழைப்பை எடுத்துக்கொள்ளும்படி அதை வைக்கலாம் என்றாள். ஆல்வின் முகம் மலர்ந்தது. அப்படியே வைத்துக் கொடு என்றார்.

எனக்குப் பகீரென்றது. “அண்ணே, நம்ம ஓட்டுறது டாக்சி. வண்டி நெறைய ஆளு இருக்கும். வீட்டு விஷயம் பூரா ஊருக்குக் கேக்கும். பேசாம காதுல மாட்டுறத வாங்குங்க,” என்றேன்.

“எனக்கு ஒளிச்சுப் பேசிப் பழக்கமில்ல தியோ. நீ வேணா முக்காடு போட்டுப் பேசு.”

ஃபெரோஸா சிரித்தாள்.  எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வியாழக்கிழமை என் வண்டி மெக்கானிக்கிடம் இருந்ததால் ஆல்வின் வண்டியில் முன்சீட்டில் ஏறினேன். பின்னால் சந்தைப் பையோடு ஒரு பெரியம்மா, வங்கிச் சீருடையில் ஒரு பெண், பள்ளிக்கூடக் காவலாளி ஒருவர். எல்லோரும் முறையாக குட் மார்னிங் சொல்லி ஏறினார்கள். ஹைவேயில் வழக்கம்போல நெரிசல், வண்டிகள் அடி அடியாக ஊர்ந்தன. ஃபோன் மணி அடித்தது. திரையில் கெர்லின் பேர். ஆல்வின் கையை நீட்டினார். அவர் எதையும் தொடுவதற்குள் ஸ்பீக்கர் தானே எடுத்துக்கொண்டது.

“குட் மார்னிங்ப்பா,” என்றது கெர்லின் குரல்.

வண்டிக்குள் குட் மார்னிங் என்று கேட்டால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பின்சீட்டு மூன்று பேரும் ஒரே குரலில் குட் மார்னிங் என்றார்கள்.

 யார் அது என்று கெர்லின் கேட்டாள். ஆல்வின் திக்கித் திணறி, வண்டியில் ஆட்கள் இருக்கிறார்கள், நீ பேசுவது ஸ்பீக்கரில் கேட்கிறது, ஒரு நிமிடம் இரு, அணைத்துவிடுகிறேன் என்று கையைத் தூக்கினார்.

“அணைக்காதீங்க. எத்தன பேரு இருக்காங்க?”

“நாலு பேரும்மா. தியோவும் இருக்கான்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. அன்னிக்கு வீடு நெறைய ஆள வச்சுக்கிட்டுத்தானே என்னச் சொன்னீங்க? இப்ப இவங்க முன்னாடி உண்மையச் சொல்லுங்க. அம்மாவுக்கு முடியலன்னு எனக்கு எப்பச் சொன்னீங்க?”

 வேலைக்குப் போகிற நேரத்தில் என்ன விசாரணை, ராத்திரி பேசலாம் என்று ஆல்வின் கத்தினார். அவள் அசையவில்லை. ராத்திரி கூப்பிட்டால் எடுக்கப் போவதில்லை, இதுதான் கடைசி என்றாள். அவர் திரும்பிப் பார்த்து எல்லோரும் இறங்குங்கள் என்று சீறினார். ஒருவரும் நகரவில்லை.

“நடு ஹைவேல எங்க எறங்குறது? அந்தப் பொண்ணு கேக்குதுல்ல, பதிலச் சொல்லுப்பா,” என்றாள் பெரியம்மா.

முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. இவர் நகர்த்தவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரையோ திட்டுகிற அதே குரலில் சொன்னார்.

“சொல்லல. ஆஸ்பத்திரில எட்டு வாரம் கெடந்தா. அவ உன்னத்தான் கேட்டா. நாளைக்கிச் சொல்றேன், நாளைக்கிச் சொல்றேன்னு நான் சொல்லவே இல்ல. நீ வந்து அழுதா, அவ பொழைக்க மாட்டான்னு ஆயிரும்னு பயம். போதுமா?”

“அப்புறம் எம் மேல ஏன் போட்டீங்க?”

“எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க கெர்லின். மக எங்க, மக எங்கன்னு கேட்டாங்க. என் வாயில அதுதான் வந்துச்சு. தப்பு என்னோடது.”

அவள் அழுவது நான்கு பேருக்கும் கேட்டது. வங்கிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கெர்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டிசம்பரில் லீவு போட்டிருக்கிறேன், விமான நிலையத்துக்கு வண்டி கொண்டு வருவீர்களா என்று கேட்டாள். ஆல்வின் தலையை மட்டும் ஆட்டினார். தலையாட்டினால் அவளுக்கு எப்படித் தெரியும்? வருவாரும்மா என்று பெரியம்மாதான் சத்தமாகச் சொன்னாள்.

அழைப்பு முடிந்ததும் காவலாளி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஆல்வின் கண்ணீரோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். வண்டியில் எல்லோருக்கும் சந்தோஷம்.

எனக்கு மட்டும் இல்லை. அவர் பொய் சொன்னது ஒரே ஒரு தடவை. அதை நான்கு வருடம் க்யூரெப் முழுக்கச் சுமந்து திரிந்தது என் வாய். போன வருடம் விமான நிலையத்தில் சந்தித்த கெர்லினின் தோழியிடம்கூட, தாயைத் தின்றவள் சுகமாக இருக்கிறாளா என்று கேட்டிருக்கிறேன். அது அவள் காதுக்குப் போயிருக்கும். எனக்கு இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்டாண்டில் நான் அவளைத் திட்டும்போதெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தார்.

கதவைத் திறந்து இறங்கினேன்.

“என்னடா தியோ, எங்க போற? ஏறு,” என்றார்.

“டிசம்பர்ல அந்தப் பொண்ணு வந்து எறங்குனா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன், அதச் சொல்லுங்க மொதல்ல,” என்றேன்.

 ஹைவே ஓரமாக நடக்க ஆரம்பித்தேன்.