கம்ப்யூட்டருக்காக, கல்பகம்

கல்பகத்துக்குக் கணக்கு வரும், வழி வராது. செகந்திராபாத்தில் மெட்டுகுடாவில் பிறந்து, அங்கேயே இரண்டு தெரு தள்ளி ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்க்கைப்பட்டவள். இருந்தும் சார்மினார் போவதென்றால் வழியில் மூன்று பேரிடம் கேட்பாள். அப்படிப்பட்டவளிடம்தான் 1981-இல் கைதி வண்டிகளுக்கு வழி போடும் வேலை வந்து சேர்ந்தது.

அவள் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே இருந்த ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில். இரண்டு அறை நிறைய இயந்திரம். குளிர்சாதனம் அதற்குத்தான், ஆட்களுக்கு இல்லை. அதனால் கோடையில் மொத்தத் தொழிற்சாலையும் ஏதாவது சந்தேகம் கேட்கிற சாக்கில் அங்கே வந்து நின்றுவிட்டுப் போகும். கம்ப்யூட்டர் படிக்கிற அட்டையில் துளை போடுகிறவளாகச் சேர்ந்த கல்பகம், மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் படித்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தாள்.

நகரத்துச் சிறை ஒன்றின் சூப்பரின்டென்டெண்ட், கம்ப்யூட்டரால் எதையும் செய்ய முடியும் என்று எங்கோ படித்துவிட்டு, ஜெனரல் மானேஜருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னிடம் மூன்று வண்டிகள் இருப்பதாகவும், அதில் இரண்டு ஓடுவதாகவும், தினம் எண்பது தொண்ணூறு விசாரணைக் கைதிகளை ஐந்து கோர்ட்டுகளுக்குக் கொண்டுபோவதற்குள் மதியமாகி, நீதிபதிகள் திட்டுவதாகவும் அதில் கண்டிருந்தது. டீசலும் மிச்சமானால் நல்லது என்று முடித்திருந்தார். கடிதம் ஒவ்வொரு மேஜையாகக் கீழே இறங்கி, அதற்குமேல் இறங்க இடமில்லாமல் கல்பகத்தின் மேஜையில் நின்றது.

வண்டிகள் ஓடும் மொத்தத் தூரம் எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைய வேண்டும் என்று அவள் இயந்திரத்துக்குச் சொன்னாள். அது பதினோரு நிமிடம் யோசித்துவிட்டு ஒரே ஒரு வரி அச்சடித்தது. மொத்தத் தூரம்: பூஜ்யம். வண்டியையே எடுக்காவிட்டால் தூரம் ஏது? ஆட்களை ஏற்றியே ஆக வேண்டும் என்று சொல்ல மறந்துபோனது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் காகிதத்தை ஒளித்துவைப்பதற்குள் பிரிவு அதிகாரி அதைப் பெரிய சாதனை என்று நினைத்துச் சிறைக்கு அனுப்பிவிட்டார். சூப்பரின்டென்டெண்ட் போனில் வந்து, எல்லோரையும் விடுதலை செய்துவிடலாம் என்கிறதா உங்கள் இயந்திரம் என்று நிதானமாக விசாரித்தார். திங்கட்கிழமைக்குள் சரியாகிவிடும் என்று கல்பகம் சொல்லி வைத்தாள்.

இந்த முறை நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எழுதினாள். ஒரு வண்டியில் இருபத்திரண்டு பேருக்கு மேல் கூடாது. பத்தரைக்குள் எல்லோரும் கோர்ட்டில் இருக்க வேண்டும். ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு உள்ளே வந்திருந்த இரண்டு சகலைகள் ஒரே வண்டியில் ஏறக் கூடாது. நான்கு பக்கம் அச்சாகி வந்தது. சூப்பரின்டென்டெண்ட் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டு முத்திரை குத்தி, இந்தக் காகிதத்தில் இல்லாமல் சக்கரம் அசையக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

வண்டி ஓட்டுகிறவர்களில் மூத்தவர் அப்துல் ரஹீம். இருபத்திரண்டு வருஷமாக வழியை மண்டையில் வைத்தே ஓட்டியவர். கான்ஸ்டபிள் காகிதத்தைப் படிக்கப் படிக்க, அதன்படியே ஓட்டினார். இன்னொரு வண்டிக்காரரையும் அப்படியே ஓட்டச் சொன்னார். காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கெல்லாம் அத்தனை கைதிகளும் அவரவர் கோர்ட்டில் இருந்தார்கள். நீதிபதிகள்தான் வந்திருக்கவில்லை.

சாயங்காலம் ஐந்தே காலுக்குக் கல்பகத்துக்கு போன் வந்தது. எண்பத்தாறு பேர் கோர்ட்டுகளில் காத்திருக்கிறார்கள், திரும்பி வருகிற பக்கத்தைக் காணோம், உங்கள் ஆபீஸில் விழுந்து கிடக்கிறதா பாருங்கள் என்றார் கான்ஸ்டபிள். எதுவும் விழவில்லை. கைதிகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோ என்றுதான் அவள் எழுதியிருந்தாள். திருப்பிக் கொண்டுவரச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவும் இல்லை, அவளுக்குத் தோன்றவும் இல்லை.

ஆட்டோ பிடித்து செகந்திராபாத் கோர்ட்டுக்கு ஓடினாள். வண்டிக்குள் பதினெட்டு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பம்பரில் கைகட்டி உட்கார்ந்திருந்தார் ரஹீம்.

“காகஸ் நை, காடி நை,” என்றார். காகிதம் இல்லையென்றால் வண்டி இல்லை.

சூப்பரின்டென்டெண்ட் வாரங்கலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இத்தனை வருஷம் தன்னை நம்பினவர்கள் இன்று காகிதத்தை நம்புகிறார்கள், ஆகவே தானும் காகிதத்தை மதிக்கிறேன் என்று ரஹீம் உருதுவில் விளக்கினார். குரலில் கோபம் இல்லை. மனசு புண்பட்டிருக்கிறது என்று கல்பகத்துக்குப் புரிந்தது.

வண்டியின் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து தமிழ்க் குரல் ஒன்று கேட்டது.

“யம்மா, நீங்கதான் அந்தக் கம்ப்யூட்டரா?”

“நான் இல்லை. அதுக்கு எழுதிக் குடுக்கறவ.”

“அப்ப இதுக்கும் எழுதிக் குடுத்துடுங்க. ஆறு மணிக்குச் சோறு. லேட்டாப் போனா கொழம்புல காய் இருக்காது.”

கல்பகம் காகிதத்தைத் திருப்பி, எந்த வண்டி எந்தக் கோர்ட்டில் யாரை ஏற்றிக்கொண்டு சிறைக்குப் போக வேண்டும் என்று கையாலேயே எழுதினாள். கையெழுத்திடும்போது பேனா நின்றது. சிறை வண்டிக்கு உத்தரவிட அவள் யார்? ஆபீஸ் கடிதங்களில் ‘மானேஜருக்காக’ என்று போடுவதுபோல, ‘கம்ப்யூட்டருக்காக’ என்று ஆங்கிலத்தில் எழுதி அதன் கீழே தன் பெயரைப் போட்டாள். ரஹீம் வாங்கிப் பார்த்துவிட்டு முத்திரை எங்கே என்றார். முத்திரை இல்லை. கான்ஸ்டபிளிடம் கைதிகளின் ரேகை எடுக்கிற மைப்பெட்டிதான் இருந்தது. கல்பகம் இடது கட்டைவிரலை அதில் அழுத்திக் காகிதத்தில் பதித்தாள். ரஹீம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்து வண்டியைக் கிளப்பினார்.

மற்றக் கோர்ட்டுகளிலும் சொல்ல வேண்டியிருந்ததால் அவளும் முன் ஸீட்டில் ஏறிக்கொண்டாள். வலைக்குப் பின்னாலிருந்தவன் பெயர் சூசைராஜ். ரயில்வே கேன்டீன் சமையல்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, வாசலில் நின்ற பச்சை சைக்கிளைத் தன்னுடையது என்று எடுத்துப் போய்விட்டான். அவனுடையதும் பச்சைதான். அது அங்கேயே நின்று, பிறகு அதையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். புகார் கொடுத்தவர் பம்பாய்க்கு மாற்றலாகிப் போனதால் வழக்கு நகரவில்லை. ஜாமீன் நிற்க ஆள் இல்லை. இதுவரை எத்தனை முறை கோர்ட்டுக்கு வந்திருக்கிறாய் என்று கல்பகம் கேட்டாள்.

“அம்பத்தெட்டும்மா. இன்னிக்குத்தான் டயத்துக்கு வந்தோம்.”

எல்லோரையும் சிறையில் இறக்கிவிட்டு, ரஹீம் அவளை வண்டியிலேயே மெட்டுகுடாவில் கொண்டுவந்து விட்டார். மணி எட்டரைதான் ஆகியிருந்தது. தெருவே வாசலில் நின்றது. கம்பி போட்ட வண்டியிலிருந்து கல்பகம் இறங்குவதையும் விரலில் மை இருப்பதையும் அவள் மாமியார் பட்டு பார்த்தாள்.

“என்னடி பண்ணினே?”

ஆபீஸ் வேலை என்றாள் கல்பகம். பட்டு நம்பவில்லை. கணவன் உமாசங்கர் சட்டைப் பித்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு, தனக்கு ஒரு வக்கீலைத் தெரியும் என்று சொல்லியபடியே வெளியே வந்தான். நடந்ததைச் சொல்லி முடித்த பிறகும் அவன் வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது என்றுதான் சொன்னான்.

அடுத்த நாள் திரும்பி வருவதையும் அவள் புரோகிராமில் சேர்த்தாள். ஆனால் அந்த அம்பத்தெட்டு மனசை விட்டுப் போகவில்லை. சிறையிலிருந்து பழைய பதிவேடுகளை வரவழைத்து, ஆளுக்கு ஓர் அட்டை போட்டு, எத்தனை முறை போய் வந்தார்கள் என்று வரிசைப்படுத்தினாள். சூசைராஜைப் போல இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். குற்றம் ருசுவாகியிருந்தால்கூட எப்போதோ தண்டனை முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். இதை நியாயம், கருணை என்றெல்லாம் எழுதினால் யார் படிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஒன்பது பேரை ஏற்ற வேண்டியிராவிட்டால் செவ்வாயும் வெள்ளியும் ஒரு நடை குறையும், வாரத்துக்கு இவ்வளவு லிட்டர் டீசல் மிச்சம் என்று எழுதினாள். சூப்பரின்டென்டெண்ட் மகிழ்ந்துபோய் அதை அப்படியே நீதிபதிக்கு அனுப்பிவைத்தார்.

ஒரு மாதத்துக்குள் எட்டுப் பேரைச் சொந்த ஜாமீனில் விட்டார்கள். சூசைராஜுக்கு மட்டும் உள்ளூர் ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். உமாசங்கர் போட்டான். நன்றி சொல்ல மெட்டுகுடாவுக்கு வந்த சூசைராஜ், யார் நீ என்று கேட்ட பட்டுவிடம், அம்மாவோடு ஜெயிலில் பழக்கம் என்று பணிவாகச் சொன்னான். பட்டு அவனுக்கு மோர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை வாசலில் நின்ற தங்கள் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டம் ஏழு மாதம் ஓடியது. பிறகு இன்னொரு வண்டியும் படுத்துவிட, மிஞ்சிய ஒற்றை வண்டிக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று சிறை அதைக் கைவிட்டது. ரஹீம் தன் பழைய வழிக்குத் திரும்பினார். வரைபடத்தில் இல்லாத ஒரு காய்கறிச் சந்து வழியாகப் போனதில் அது நான்கு கிலோமீட்டர் குறைவாகவும் இருந்தது. கல்பகத்துக்கு அதில் வருத்தமில்லை. அதற்குள் தொழிற்சாலை பஸ்களில் அதிகாரிகளுக்கு இடம் ஒதுக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். ஜன்னலோரம் வேண்டும் என்று முதல் வாரமே முப்பத்தொரு மனுக்கள் வந்தன. ஒரு மனுவில் மருத்துவர் சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது.