கீழக்கரைச் சஹனில் ஒரு கோடு

ஞாயிறு காலை 10.20. இராமநாதபுரம் பேருந்து நிலையம். கீழக்கரைக்குப் பதினேழு கிலோமீட்டர். எனக்கு முழுச்சீட்டு, எட்டு வயது மகள் கயலுக்கு அரைச்சீட்டு.

சீட்டைக் கிழித்த நடத்துனரிடம் கயல் சொன்னாள்: "உங்க சட்டையில ஒரு பொத்தான் மட்டும் வேற கலரு. அழகா இல்ல."

"வீட்டுலயும் இதத்தான் சொன்னாங்க, பாப்பா" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணில் பட்ட ஓர் அழகைத் தினமும் மாலையில் காரணத்தோடு அவள் சொல்லவேண்டும், நான் எழுதிக்கொள்வேன். ஆறு மாதக் குறிப்புகளைப் புரட்டினால், எல்லாமே எங்கள் வீடும் எங்கள் கோயிலும்தான். அதனால்தான் அலுவலக நண்பர் அமீன் விருந்துக்கு அழைத்ததும், வேறு அழகையும் அவள் காணட்டும் என்று புறப்பட்டேன். மனதில் பட்டதை மறைக்காதே என்று பழக்கியவனும் நானே. அங்கே வாயைத் திறந்து யார் மனதையாவது புண்படுத்திவிடுவாளோ?

11.05. இறங்கினோம். அமீன் வாசலிலேயே நின்றார். அவர் மனைவி சபீனா கயலைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பெண்களுக்கு உள்ளறை, ஆண்களுக்குக் கூடம்; நடுவில் ஒரு திரை.

1.15. திரைக்கு இரு பக்கமும் சஹன் வந்தது. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் பெரிய தட்டு. நெய்ச்சோறு, நடுவில் ஆட்டுக்கறி, மேலே தாளிச்சா என்னும் பருப்புக் குழம்பு. முதல் கவளம் எடுக்கையில் திரைக்கு அப்பால் கயலின் குரல் கேட்டது.

"எல்லாம் கலந்து கெடக்கு. எங்க வீட்டு இலையில ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் இருக்கும். அதுதான் அழகு."

சொல்லுக்குச் சொல் என் வாக்கியம். எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

பிறகு சபீனாவின் குரல்: "அப்டியா கண்ணு? அப்ப உன் பங்குக்கு நீயே விரலால ஒரு கோடு போட்டுக்க."

"சாப்புடுங்க சார்" என்றார் அமீன். "அது அந்தப் பக்கத்து வழக்கு. நமக்கு அங்கன அதிகாரம் இல்ல." சாப்பிட்டேன்; ருசி தெரியவில்லை. விடைபெறும்போது, அடுத்த மாதம் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்றேன். சபீனா சந்தோஷமாகத் தலையாட்டினார். அப்போதும் என் பதற்றம் தணியவில்லை.

3.40. திரும்பும் பேருந்து. யாராவது கோபித்தார்களா என்று கயலிடம் கேட்டேன்.

"இல்ல அய்யா. நல்ல கறியெல்லாம் என் பக்கமே தள்ளிவிட்டாங்க. தள்ளித் தள்ளி கோடே அழிஞ்சுபோச்சு. அது அழகா இருந்துச்சு."

காரணம் கேட்டேன். "தெரியல" என்றாள். காரணமில்லாமல் அவள் எதையும் அழகு என்று சொன்னது இதுவே முதல்முறை.

எங்கள் வீட்டில் ஒருவர் கை இன்னொருவர் இலைக்குப் போகாது. போனால் எச்சில். அந்த ஒதுக்கத்தைத்தான் ஒழுங்கு என்றும் அழகு என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"அவங்க நம்ம வீட்டுக்கு வாரப்ப, நாமளும் ஒரே தட்டுல சேந்து சாப்புடலாமா?"

என் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது, அண்ணன்மார் முகங்களும். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.