கொசிப் எண்ட சொல்லும் ஜெசி அக்காவும்

நான் கர்ப்பம் எண்டு மாமிக்குத் தெரியிறதுக்கு முதலே எங்கட ஒழுங்கைச் சனத்துக்கெல்லாம் தெரியும். பக்கத்து வீட்டு ஜெசி அக்காட புண்ணியம். அந்தக் கோவத்தில கனநாளா அவவோட முகம் குடுத்துக் கதைக்கல்ல.

இண்டைக்குக் காலையில மகள்ட ஞானஸ்நானத்துக்கு ஆர ஞானத்தாயா வைக்கிற எண்டு யோசிச்சிட்டு இருக்கக்குள்ள, இங்கிலிஷ் படிப்பிக்கிற என்ட மனுசன் சொன்னார்:

"கொசிப் எண்டா அந்தக் காலத்து இங்கிலிஷில ஞானத்தாய், ஞானத்தகப்பன். பிறகு, பிள்ளை பிறக்கக்குள்ள பக்கத்தில இருக்கிற பொம்புளையள். கடைசியாத்தான் அவங்க இருந்து கதைச்ச ஊர்க்கதைக்கு, விடுப்புக்கு அந்தப் பேர் வந்தது."

எனக்கு மகள் பிறந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

எனக்கு வலி வந்த அண்டு இவர் பள்ளிக்கூடத்தில. நான் சுவரப் பிடிச்சு நடந்தத வேலிக்கு மேலால பாத்து, கூப்பிடாமலே த்ரீவீல் ஆட்டோவோட வந்து நிண்டது ஆர்? அதே ஜெசி அக்கா. விடுப்புப் பாக்கிற கண்தான் என்னையும் பாத்தது. மகள் பிறக்கும்வரைக்கும் அவ ஆசுபத்திரிய விட்டுப் போகல்ல.

"அப்ப அவதான்" எண்டன்.

பின்னேரம் மகளையும் தூக்கிட்டு ரெண்டு பேரும் கேக்கப் போனம். வாயத் திறக்கிறதுக்குள்ள ஜெசி அக்கா ரெண்டு சீலையத் தூக்கிக் காட்டுறா.

"ஞானஸ்நானத்துக்கு எது நல்லம் புள்ள, நீலமா மஞ்சளா?"

நான் மத்தியானம் என்ட தங்கச்சிக்கு மட்டும்தான் சொன்னன்.

தங்கச்சி, கமெண்டுக்கு வா. மத்தவங்க நிறத்தச் சொல்லிட்டுப் போங்க.