இரண்டு கேக்கிலும் முந்திரி

வங்காளத்துப் பெஹாலாவில் இருந்தவரை நாங்கள் கிறிஸ்துமஸ் கேக்கை வீட்டில் சுட்டதில்லை. மாவை வீட்டில் கலக்கி, தூக்குவாளியில் ஊற்றித் தெருமுனை பேக்கரிக்குக் கொண்டுபோவோம். அங்கே தகரத்தில் ஊற்றி அடுப்புக்குள் தள்ளுவார்கள். நம் தகரம் அடுத்த வீட்டுக்குப் போய்விடாமல் ஒருவர் உட்கார்ந்து காவல் காக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டதால் அந்தக் காவல் எனக்கு.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம். வழக்கம்போல இரண்டு மாவு. எங்களுக்கு முட்டை போட்டது. பக்கத்து வீட்டு மாமிக்குத் தயிர் விட்டு, முட்டையில்லாமல். மாமா காளிகாட்டில் நம் ஊர் மளிகைக் கடை வைத்திருந்தார். மாமி எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும் குடிப்பார். அதற்கு மேல் எதையாவது வாயில் வைப்பார் என்றால் வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கேக்கைத்தான். அடையாளத்துக்கு மாமியின் கேக் மேல் ஒரு முந்திரிப் பருப்பை வைக்கச் சொல்லியிருந்தாள் அம்மா. வைத்தேன்.

வெந்து வெளியே வந்தபோது இரண்டின் மேலும் முந்திரி இருந்தது.

ஒன்று மட்டும் மொட்டையாக இருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம். அடுப்பு வேலை பார்க்கும் பேக்கரி மிஸ்திரி தன் கையிலிருந்தே ஒன்று வைத்துவிட்டதாக வங்காளத்தில் சொல்லிச் சிரித்தார். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எப்போது வைத்தார் என்பது இன்றுவரை புரியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோனதும், நன்றாக உப்பியிருப்பதுதான் முட்டைக் கேக் என்றார் அப்பா. அடுப்பு வாயருகே இருக்கும் தகரம் எப்போதும் உப்பாது என்று மிஸ்திரி சொன்னதை நான் சொன்னேன். அம்மா இரண்டிலும் அடியில் கிள்ளித் தின்று பார்த்தாள். ஆரஞ்சுத் தோல், திராட்சை, கருக்கிய சர்க்கரை; இரண்டும் ஒரே ருசி. கடைசியில் தட்டையாக இருந்ததுதான் மாமியுடையது என்று முடிவு செய்தாள்.

“நான் கலக்குன மாவு எனக்குத் தெரியாதாட்டி? பேசாம இரு.”

மறுநாள் கிறிஸ்துமஸ். கோயில் விட்டு வந்ததும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தும்விட்டாள். எனக்கு அன்றைய பிரசங்கமும் காதில் ஏறவில்லை, மத்தியானப் பிரியாணியும் இறங்கவில்லை.

சாயங்காலம் இரண்டு வீட்டாரும் டிராம் ஏறி சௌரங்கிப் பக்கம் படம் பார்க்கப் போனோம். அங்கே ஒரு தியேட்டரில் கிறிஸ்துமஸ் வந்தால் அதே பழைய இங்கிலீஷ் படத்தைப் போடுவார்கள். பனி, ஒரு குதிரைவண்டிக்காரன், தூரத்தில் விளக்கு எரியும் வீடு. எங்களில் யாருக்கும் அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த வீட்டில் இருப்பவள் அவன் பெண்டாட்டி என்பார் அப்பா. அக்கா என்பார் மாமி. திரும்பும் வழியெல்லாம் அந்தச் சண்டை நடக்கும், அதற்காகவே போவோம். எனக்கோ ஒவ்வொரு வருடமும் குதிரை வழுக்கி விழுந்துவிடுமோ என்றுதான் பயம். அது விழாது என்று தெரிந்தும்.

மாமி கேக்கை இடைவேளையில்தான் தொடுவார். விளக்கு வந்ததும் கேக் வைத்திருந்த சம்படத்தைத் திறந்தார்.

“மாமி, சாப்பிடாதீங்க. அதுல முட்டை இருக்கோ என்னமோ, தெரியல. பேக்கரிக்காரரு ரெண்டுலயும் முந்திரி வச்சுட்டாரு.”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாமி சம்படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இருக்கா, இல்லையாடி?”

“தெரியல மாமி.”

“நீயும் இந்தப் படம் மாதிரியே பேசறயே. ஒண்ணும் புரியலை” என்று சம்படத்தை மூடிவிட்டார். விளக்கு அணைந்தது.

அன்று குதிரையைக்கூட நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுப் படியை மாமி இனி மிதிப்பாரா என்பதுதான் மனதில் ஓடியது. படம் முடிந்து வெளிச்சம் வந்தபோது சம்படம் மாமாவின் மடியில் காலியாகக் கிடந்தது. மாமியின் புடவைத் தலைப்பில் கேக் துகள். யார் தின்றது? டிராமில் மாமி வழக்கம்போல அக்காதான் என்று அடித்துப் பேசிக்கொண்டு வந்தார்.

அடுத்த டிசம்பரில், மாவு கலக்க உட்கார்ந்த அன்று, மாமி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“போன வருஷம் பண்ணிக் குடுத்தேளே, அதே மாதிரி பண்ணுங்கோ. எப்பவும் பண்றதைவிட நன்னா இருந்தது.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு பக்கம் முட்டைக் கூடை, ஒரு பக்கம் தயிர்ச்சட்டி. அம்மா கரண்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“எதைட்டி சொல்லுதாக?”

எனக்கு எப்படித் தெரியும்?