‘வாறேன்’ என்பதற்கு இங்கிலீசு

மகாராஜா சின்னப்பிள்ளையாக இருந்ததனால் மகாராணி திருவிதாங்கூரை ஆண்ட காலம் அது. பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் நடுவில், ஆரியங்கோட்டுப் பக்கம் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது. எங்களுக்கு அம்மாவும் அப்பாவும் இல்லை. அதனால் அக்காவோடு நானும் அந்த வீட்டுக்கே போய்விட்டேன். உலகத்தில் எனக்கு என்று இருந்தது அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதுவும் மலையாளம். தமிழ் எழுத்து அக்கா சொல்லித் தந்தது. ஆகவே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். எழுதுவதும் இதுதான் முதல் தடவை.

அத்தானுக்கு ஒரே ஆசைதான் உண்டு. கச்சேரியில், அதாவது சர்க்கார் ஆபீசில், குமஸ்தா ஆகவேண்டும். அவருடைய அப்பா, தாத்தா எல்லாரும் கச்சேரியில் பேனா பிடித்தவர்கள். அவர்கள் காலத்தில் மலையாளம் போதும். இவர் காலத்தில் இங்கிலீசுப் பரீட்சை பாஸாக வேண்டியிருந்தது. மற்ற எல்லாவற்றிலும் ஜெயித்து அந்த ஒன்றில் மட்டும் தோற்றுப்போய் வந்திருந்தார். அவர் எழுதினால் நிற்காமல் ஓடுமாம். கமா எது, ஃபுல்ஸ்டாப் எது என்று தெரியாமல் ஒரு முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் எழுதி வைத்துவிடுவாராம். “எலே, நீ தொலைச்ச புள்ளி கிடைச்சுதா?” என்று அவருடைய அம்மாவே கேலி செய்வாள். அந்த அம்மாவை நான் மாமி என்று கூப்பிடுவேன்.

கேட்க ஒரு ஆள் இருந்தால்தான் இங்கிலீசு வாயில் நிற்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த ஆளாக அத்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் உரலில் நெல் குத்துவேன். அவர் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு ஏபிசிடி தெரியாது. காதால் கேட்டதுதான். இங்கிலீசில் வாக்கியத்தைத் திருப்பிப் போடணும், நம்ம பேச்சில் கடைசியில் வருகிற வார்த்தை அங்கே நடுவில் ஏறிக்கொள்ளும் என்றார். புள்ளிக்கும் அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். நாம் ‘ஆக்கும்’ என்று சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். இங்கிலீசுக்காரனுக்கு ஆக்கும் கிடையாது, அதனால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கிறான், அதுதான் ஃபுல்ஸ்டாப். கமா என்றால் பேச்சு முடியவில்லை, மூச்சு வாங்குகிறான், இன்னும் வரும். இந்தப் புள்ளிகள் மறந்துபோகாமல் இருக்க அவற்றையும் வாயால் சொல்லவேண்டும் என்று சட்டம். “ஐ ஆம் கமிங் ஃபுல்ஸ்டாப்” என்று நான் உலக்கையைப் போடுவேன்.

முதலில் ‘கோயிங்’தான் தொடங்கினார். ஐ ஆம் கோயிங், யூ ஆர் கோயிங் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளே இருந்து அக்கா கேட்டாள், அதற்கு என்ன அர்த்தம் என்று. “நான் போறேன், நீ போற” என்றார் அத்தான். அக்காவுக்கு அப்போது நிறைமாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“உங்களுக்குக் கொஞ்சமாவது ஓர்மை உண்டா? பிள்ளை பிறக்கப்போற வீட்டுல காலையும் சாயங்காலமும் போறேன், போறேன்னு ரெண்டு பேரும் பாடுதியளே!”

“அது கிராமராக்கும்” என்றார் அத்தான்.

“கிராமர் உங்க கச்சேரியில இருக்கட்டும். இந்த வீட்டுல யாரும் போகாண்டாம்.”

மாமியும் அக்கா பக்கம் சேர்ந்துகொண்டாள். எங்கள் ஊரில் அடுத்த வீட்டுக்குத் தீ வாங்கப் போனால்கூட, திரும்பும்போது ‘வாறேன்’ என்றுதான் சொல்லுவோம். ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு ஒருத்தரும் படி இறங்கமாட்டோம். அன்றோடு கோயிங் நின்றது. எல்லாம் கமிங். ஹி இஸ் கமிங், ஹி இஸ் நாட் கமிங், இஸ் ஹி கமிங். ஹி அலுத்தால் மை சிஸ்டர், பேபி என்று ஆள் மாறும்; உலக்கை பிடித்துக் கை வலித்தால் அது பெய்ன். நெல்லு குத்தி முடிகிற வரைக்கும் யாராவது வந்துகொண்டேயிருப்பார்கள்.

அத்தான் பரீட்சை எழுதத் திருவனந்தபுரம் போன பிறகு அக்காவுக்கு நோவு கண்டது. ஒரு பகல் போய், ராத்திரியும் போய், மறுநாள் உச்சியும் தாண்டியது. பிள்ளை வரவில்லை. ஊர் வயற்றாட்டி கைதேர்ந்தவள்தான், எத்தனையோ பிள்ளை எடுத்தவள். அவளே வெளியே வந்து மாமியிடம், “தலை மேல நிக்குது, கால்தான் கீழ. எனக்குப் பயமா இருக்கு” என்று சொன்னதை நான் கேட்டேன். அக்காவின் சத்தம் அதற்குள் குறைந்துவிட்டிருந்தது. கத்தும்போது இருந்த பயத்தைவிட அந்தச் சத்தம் குறைந்தது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

வயலுக்கு அக்கரையில் வேதக்காரர்களுடைய ஒரு ஜெபவீடு உண்டு. அங்கே வாரத்தில் ஒரு நாள் தெற்கே இருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டர் மதாம்மா வில்வண்டியில் வருவார். கப்பலிறங்கி அதிக நாள் ஆகாதவர். கூட ஒரு தமிழ் நர்சு வந்து எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லுவாள். நல்லவேளையாக அன்றைக்கு அந்த நாள். வயற்றாட்டி அதைச் சொன்னபோது, மதாம்மா வீட்டுக்குள் கேறினால் தீட்டாச்சே என்று பக்கத்து வீட்டு அம்மா இழுத்தாள். மாமி அவளைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம். “தீட்டு குளிச்சாப் போவும். மக்கா, நீ ஓடு” என்றாள் என்னிடம்.

வரப்பு வழியே ஓடினேன். ஜெபவீட்டில் மருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் கலைந்துவிட்டிருந்தார்கள். மதாம்மா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். நர்சைக் காணோம், வண்டியையும் காணோம். பெருங்கடவிளைப் பக்கம் ஒரு நோயாளியைப் பார்க்க நர்சு மருந்துப்பெட்டியோடு வண்டியில் போயிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் தமிழில் சொன்னேன். அவருக்கு என் தமிழ் விளங்கவில்லை. “நீ யார்? உனக்கு யாது வேண்டும்?” என்று அவர் மெல்ல மெல்லக் கேட்டார். அந்தப் புத்தகத் தமிழ், அதுவும் அவர் உச்சரிப்பில், எனக்கு விளங்கவில்லை. மலையாளத்திலும் சொல்லிப் பார்த்தேன். அதுவும் பிரயோசனப்படவில்லை.

நின்று அழுதேன். அழுகையோடு அழுகையாக எனக்கு உரல் ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, நம்ம பேச்சைத் திருப்பிப் போட்டு, எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீசைச் சொன்னேன்.

“மை சிஸ்டர் இஸ் பெய்ன் கமா பேபி இஸ் நாட் கமிங் ஃபுல்ஸ்டாப்.”

மதாம்மா புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தார். வயிற்றில் கையை வைத்துக் காட்டி ஏதோ கேட்டார். நான் தலையைத் தலையை ஆட்டினேன். காலைத் தொட்டுக் காட்டினேன், அது கீழே என்று. அவர் முகம் மாறியது. வழியைக் காட்டி, “த கார்ட் இஸ் கமிங்” என்றார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. வீட்டுப் பேரைச் சொன்னேன். அவர் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்கு வேறென்ன வேண்டும்? வண்டி வரும், மதாம்மா வருவார். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னால் அவள் கொஞ்சம் பிடித்து நிற்பாள். மரியாதையாகக் கும்பிட்டு, “ஐ ஆம் கமிங் ஃபுல்ஸ்டாப்” என்று சொல்லிவிட்டு வந்த வழியே ஓடிவிட்டேன்.

வீட்டில் நாங்கள் காத்திருந்தோம். மாமி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். “ஏட்டி, நீ என்னதான் சொன்ன? வாறேன்னாளா?” என்று கேட்டாள். வருவாங்க மாமி, வண்டி வந்ததும் வருவாங்க என்றேன். வெயில் சாய்ந்து தென்னை மண்டைக்கு ஏறிவிட்டது. வண்டிச் சத்தம் இல்லை. உள்ளே அக்கா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அது ரொம்ப மெதுவாகக் கேட்டது. எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. மாமியிடம்கூடச் சொல்லாமல் மறுபடியும் ஓடினேன்.

வண்டிப்பாதை திரும்புகிற இடத்தில் வில்வண்டி எதிரே வந்தது. மதாம்மா வண்டிக்குள் இருந்து தலையை வெளியே நீட்டினார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம்! பக்கத்தில் இருந்த நர்சின் தோளைத் தட்டி, “ஷி இஸ் கமிங்! ஷி இஸ் கமிங்!” என்றார்.

நர்சு என்னைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டாள். ஏற்றியதும் ஒரு ஏச்சு.

“ஏட்டி, உன் இங்கிலீசுல இடி விழ! வண்டி வந்து எவ்வளவோ நேரமாச்சு. ஏறுங்கம்மான்னா, ஏறமாட்டேங்குதாங்க. அந்தப் பிள்ளை வாறேன்னு சொல்லியிருக்கு, அது வந்து பாக்கும்போ நான் இல்லாட்டா பயந்துபோவும்னு ஒரே பிடியா நின்னுட்டாங்க.”

அவள் கடைசியில் துருவிக் கேட்டிருக்கிறாள், பிள்ளை எந்த வார்த்தையைச் சொன்னது என்று. மதாம்மா நான் சொன்னபடியே, ஃபுல்ஸ்டாப்போடு சொல்லிக் காட்டியிருக்கிறார். நர்சு தலையில் அடித்துக்கொண்டாளாம். “அம்மா, அவ போயாச்சு! எங்க ஊருல போறவதான் வாறேன்னு சொல்லுவா” என்று விளக்கி, வண்டியில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம். மதாம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வண்டி ஆடினபோதெல்லாம் அந்தக் கை இறுக்கிப் பிடித்தது.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் கேட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். சின்னப்பெண் உள்ளே நிற்கக்கூடாது என்று என்னை வெளியே விட்டார்கள். கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். நர்சு தமிழில் அதட்டுகிற சத்தம், வயற்றாட்டி சாமியைக் கூப்பிடுகிற சத்தம் எல்லாம் கேட்டது. அக்கா சத்தம் மட்டும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று மதாம்மா குரல், “இட் இஸ் கமிங்” என்றது. அந்த வீட்டில் மாமிக்குப் புரியாதது எனக்குப் புரிந்தது. “வருது மாமி, வருது!” என்று நான் முற்றத்தில் நின்று கத்தினேன். மாமி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதற்குமுன் ஒருநாளும் அவள் என்னைத் தொட்டுப் பேசினது இல்லை. அப்போதுதான் அக்கா ஒரு சத்தம் போட்டாள். பிறகு அவளும் பிள்ளையும் சேர்ந்து அழுதார்கள்.

விளக்கு வைக்கிற நேரம் மதாம்மா கைகழுவி வெளியே வந்தார். மாமி கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள், அவர் நின்றபடியே குடித்தார். குடித்துவிட்டுத் தெளிவான தமிழில், எழுத்து எழுத்தாக, “நான் போகிறேன்” என்றார்.

மாமி முகம் செத்துப்போயிற்று. இப்போதுதான் பிழைத்த வீடு அல்லவா. வயற்றாட்டி சட்டென்று கதவைச் சாத்தினாள், அக்கா காதில் விழக்கூடாது என்று. நர்சு மதாம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். மதாம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு என்னைத் தேடிப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். என்னிடம் வந்து குனிந்து, “ஐ ஆம் கமிங்” என்றார். சொல்லிவிட்டு விரலைத் தூக்கி, கொஞ்சம் யோசித்து, “கமா” என்று சிரித்தார். எல்லாரும் அவர் எதற்குச் சிரிக்கிறார் என்று பார்த்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது.

அந்த மதாம்மாவை நான் அப்புறம் பார்க்கவில்லை. வேறெங்கோ மாற்றிவிட்டார்கள் என்று நர்சுதான் ஒருமுறை சொன்னாள். அத்தான் திரும்பி வந்து முழுக்கதையும் கேட்டார். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே, “ஆனாலும் அந்த இடத்துல ஐ ஆம் கோயிங் ஆக்கும் சரி” என்றார். அக்கா படுத்த இடத்திலிருந்தே, “அப்போ கோயிங்னு சொல்லி இறங்கிப் பாருங்க” என்றாள். அத்தான் அந்தத் தடவை பாஸானார். கச்சேரிக்குப் போன காலம் முழுக்க, காலையில் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது, தெருவில் யார் நின்றாலும் சரி, உள்ளே பார்த்து உரக்க “ஐ ஆம் கமிங்” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். இங்கிலீசு தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை.

அன்றைக்குப் பிறந்த பிள்ளைதான், தலை நரைத்த பிறகு, இதை எழுதி அனுப்புங்க சித்தி என்று என்னை நச்சரித்தவன். நாம் எல்லாரும் ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் வாறேன் என்று சொல்லுகிறோம், கேட்கிறவர்களும் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள். ஊர் பேர் தெரியாத ஒருத்தர் மட்டும் அந்த வார்த்தையை அப்படியே நம்பி, வண்டி வந்த பிறகும் ஏறாமல் ஒரு சின்னப்பெண்ணுக்காகக் காத்து நின்றார். அதனால்தான் இந்த வயதிலும் யார் வீட்டிலிருந்தாவது ‘வாறேன்’ சொல்லி இறங்கினால், யாராவது மெய்யாகவே எனக்காக நிற்கிறார்களோ என்று பாதை திரும்புகிற இடத்தில் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன்.